நரித் தந்திரம்

காலையில் நரி முகத்தில் விழித்தால் அன்றைய பொழுது நல்லபடியாகப் போகும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எதிர்பாராமல் பணம் வந்தவனைப் பார்த்து, "இன்று நரி முகத்தில் விழித்தாயா?" என்று கேட்கிறோம். சேலம் மாவட்டத்தில் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில், பொங்கலை ஒட்டி வங்காநரியை வலை போட்டுப் பிடித்து வந்து ஊரே அதன் முகத்தைப் பார்ப்பது வெகுநாளைய வழக்கம். வனத்துறையினர் அதைத் தடுத்து அபராதம் போட்ட பிறகும் அந்த ஆசை முழுக்க விட்டதாகத் தெரியவில்லை. அவ்வளவு மங்களகரமான முகம் அது. ஆனால் அந்த முகம் தன் தோட்டத்து வேலிக்குள் தெரிய வேண்டும் என்று மட்டும் ஒருவரும் விரும்புவதில்லை.

நான் அந்த முகத்தில் பல நாள் விழித்தவன். அதனால் எனக்குப் பணம் எதுவும் வந்துவிடவில்லை. ஒரு கேள்வி வந்தது. இத்தனை வருஷங்களாகக் கதை எழுதிப் பிழைக்கிற என்னை எந்தக் கதைக்குள்ளும் தப்பித்துக்கொள்ள விடாமல் நிறுத்தி வைத்த கேள்வி. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, கோடியக்கரைக் காட்டுக்குப் போகிற வழியில், எனக்கு அப்பா வைத்துவிட்டுப் போன ஒரு சிறு தோப்பு இருக்கிறது. மணல் பூமி. மாவும் தென்னையுமாகப் பதினாறு மரங்கள் நின்றன. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கத்துக் கரையைக் கடந்தபோது, பதினாறில் பதின்மூன்று சாய்ந்துவிட்டன. அடுத்த வருஷம் நானும் என் மனைவியும் பட்டண வாசத்தை முடித்துக்கொண்டு அங்கேயே போய்க் குடியேறினோம். சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தி, கன்று நட்டு, இடைவெளியில் கடலை போட்டு, ஒரு பாத்தியில் வெள்ளரி ஊன்றி, பத்துக் கோழிகளும் வாங்கி விட்டாள் என் மனைவி. புயலில் போனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்குவதாக அவளுக்கு எண்ணம். கோழிகளுக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு அந்த எண்ணம் முற்றியிருந்தது.

கோடியக்கரைக் காடு 1967 முதல் சரணாலயம். வெளிமான்கள், காட்டுப்பன்றிகள், குரங்குகள், ஆளில்லாமல் திரியும் மட்டக் குதிரைகள், இவற்றோடு நரிகளும் அங்கே உண்டு. மாணிக்கவாசகருக்காக நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைச் சின்ன வயதில் கேட்டபோது, இரண்டும் ஒரே காட்டில் திரிகிற ஊரைச் சேர்ந்தவன் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியமே ஏற்படவில்லை. எங்கள் பக்கத்தில் நரி என்றால் குள்ளநரி. எலி, நண்டு, செத்த மீன், இலந்தைப் பழம், உதிர்ந்த மாம்பழம், எது கிடைத்தாலும் அதற்குச் சம்மதம். கோழி கிடைத்தால் விசேஷ சம்மதம்.

முதல் மாதத்தில் இரண்டு கோழி. அடுத்த மாதத்தில் மூன்று. வெள்ளரிப் பாத்தியில் காய்களைக் கடித்துப் போட்டிருந்தது. கருக்கு மட்டை வேலி போட்டேன். அடியில் மணலைப் பறித்துக்கொண்டு வந்தது. கருவேல முள்ளை வெட்டி அடைத்தேன். முள் காய்ந்து சரிந்த இடத்தில் வழி பண்ணிக்கொண்டது. விளக்குப் போட்டு வைத்தேன்; நாலு நாள் வரவில்லை, ஐந்தாம் நாள் அந்த வெளிச்சத்திலேயே சௌகரியமாக வந்து போயிற்று. பெயர் வைத்த கோழி ஒன்று போன அன்று என் மனைவி சாப்பிடவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனிதர். என் அவஸ்தையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "அண்ணே, வேலியைப் போட்டு நரியை நிறுத்த முடியுமா? பயிருக்குப் போடற குருணை மருந்து இருக்கு. கோழிக் குடல்ல வச்சிட்டா ஒரு ராத்திரி வேலை" என்றார். ஒரு சிறு பொட்டலமும் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021 மாசி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், ஆறு இடத்தில் அதை வைத்தேன். என் மனைவியிடம் சொல்லவில்லை.

படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. பாவம் புண்ணியம் பற்றியெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. என் கைதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. குனிந்து, மண்ணைத் தட்டி, தின்ன வருகிற பிராணிக்கு எட்டுகிற மாதிரி வைத்து... காலையில் கோழிகளுக்குத் தீனி வைக்கிற அதே கை, அதே அசைவு. வித்தியாசம் ஒன்றுமே இல்லை. நடு இரவில் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். வேலி ஓட்டையருகே இரண்டு கண்கள் பளபளத்தன. நரிதான். ஒரு துண்டுக்குப் பக்கத்தில் நின்று மோந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தது, நிதானமாகத் திரும்பிப் போய்விட்டது. நான் துண்டுகளைப் பொறுக்கினேன். ஐந்துதான் இருந்தன. ஆறாவதை எலி இழுத்துப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஐந்தையும் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்து படுத்தேன்.

எங்கள் தோப்புக்கு எதிரில் ஒரு குடிசையில் கருவாடு விற்கிற ஆயா ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குத் துணை என்று மணி என்ற ஒரு நாய். காலையில் மணி எங்கள் கிணற்றடியில் செத்துக் கிடந்தது. நரி பறித்த அதே ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. ஆயா வந்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து அதன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நரி கடிச்சிருக்கும் தம்பி. உங்க கோழியைத் தின்னது போதாதுன்னு எம் மணியையும் கடிச்சிருக்கு" என்றாள்.

"நரிதான் ஆயா" என்றேன் நான்.

இரண்டே வார்த்தைகள். என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் பக்கங்கள் பொய்யாக எழுதியிருக்கிறேன். கதை என்று சொல்லித்தான் எழுதியிருக்கிறேன். கதை என்று சொல்லாமல் சொன்ன கதை இது ஒன்றுதான்.

நம் கதைகளில் நரிக்கு வாய்த்திருக்கிற பெயரை யோசித்துப் பாருங்கள். பாட்டியிடம் வடை திருடிய காகத்தைப் பாடச் சொல்லி ஏமாற்றுவது நரி. பஞ்சதந்திரத்தில் சிங்கத்துக்கும் எருதுக்கும் நடுவே பகையை மூட்டுகிற தமனகன் நரி. சாயத் தொட்டியில் விழுந்து நீலமாகி, காட்டுக்கே ராஜா என்று பறைசாற்றிக்கொள்வது நரி. அதற்கு இல்லாத கொம்பை இருப்பதாகச் சொல்லி, நரிக்கொம்பு என்று அதிர்ஷ்டத்துக்கு விற்கிறவர்களும் உண்டு. அந்த ஏமாற்றிலும் நரியின் பெயர்தான் அடிபடுகிறது. ஆனால் நான் பார்த்த நரியிடம் தந்திரம் என்று ஒன்றையும் காணவில்லை. பசித்தால் வந்தது. வந்த வழியிலேயே வந்தது. ஆள் தெரிந்தால் போயிற்று. குட்டி போட்டால் ஆணும் பெண்ணும் சேர்ந்து இரை தேடி வந்து, தின்றதைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுமாம். என் கோழிகள் அப்படி ஒரு குட்டியின் வயிற்றுக்குப் போயிருக்கலாம். அந்த ராத்திரியில் என் தோட்டத்தில் தந்திரம் செய்த பிராணி ஒன்றுதான். அதற்கு இரண்டு கால்.

வேண்டாத பிராணியைத் தோட்டத்துக்குள் விடாமல் தடுப்பது தப்பா? தப்பில்லை என்பதுதான் இன்றைக்கும் என் அபிப்பிராயம். உழைத்து வளர்த்ததைக் காப்பாற்றிக்கொள்ள எவனுக்கும் உரிமை உண்டு. கோடியக்கரையில் பங்குனி ஆமைகள் கடற்கரை மணலில் முட்டையிட்டுப் போகின்றன. நரியும் நாயும் தோண்டித் தின்றுவிடாமல் இருக்க, வனத்துறையினர் அந்த முட்டைகளைப் பொறுக்கி வந்து, வேலி அடைத்த இடத்தில் புதைத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அதே வனத்துறைதான் நரிக்கும் காவல். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், குள்ளநரியை மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. நரியையும் காப்பது, நரியிடமிருந்து முட்டையையும் காப்பது, இந்த இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. நடுவில் ஒரு வேலி இருந்தால் போதும்.

வேலி ஒரு யோக்கியமான பேச்சு. "இங்கே வராதே" என்று அது சொல்கிறது. சொல்வதை மறைக்காமல் சொல்கிறது. தகரத்தைத் தட்டி விரட்டுகிறவனும் "போய்விடு" என்றுதான் சொல்கிறான். விஷம் வைத்த இரை சொல்வது வேறு. அது "வா, சாப்பிடு" என்கிறது. வாசலில் வந்து நின்றவனுக்கு இல்லை என்று சொல்வது கஞ்சத்தனமாக இருக்கலாம், கடுமையாக இருக்கலாம். இலை போட்டு உட்கார வைத்து, சோற்றில் விஷத்தைக் கலப்பது வேறு ஜாதிக் காரியம். விருந்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற பாஷையில் எழுதுகிறவன் நான். எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

விஷத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அதற்கு விலாசம் கிடையாது. நரிக்கு என்று நான் எழுதியதை மணி வாங்கிக்கொண்டது. 2020-இல் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கத்தில், வெடிமருந்து வைத்த காயைக் கடித்த ஒரு சினை யானை, வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றபடியே உயிரை விட்டதை நாடே பார்த்துக் கண்ணீர் விட்டது. அந்தக் காயை யானைக்கென்று யாரும் வைக்கவில்லை, பன்றிக்கு வைத்தது. அவுட்டுக்காய் என்று மேற்கு மாவட்டங்களில் அதற்குப் பெயர். பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்து நானும் ஆத்திரப்பட்டுப் பேசினேன். அப்படிப் பேசி ஒரு வருஷம்கூட முடியவில்லை, நான் கோழிக் குடலோடு குனிந்து நின்றேன்.

"எழுத்தாளருக்குக் கோழி போனால் ஒரு கட்டுரை கிடைக்கும், கடன் வாங்கிக் கடலை போட்டவனுக்கு என்ன கிடைக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் உழுது போட்டுவிட்டுப் போன கொல்லையில், மறுநாள் காலை நிற்கிற மனிதனுக்கு நான் உபதேசம் செய்யத் தயாராக இல்லை. 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுட அனுமதிப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆட்சேபம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பலர் அறியப் பேசி, எல்லை குறித்து, இன்னார் பொறுப்பு என்று சொல்லிச் செய்கிற கொலைக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். ஆகவே கொல்லலாமா கூடாதா என்பதோடு என் கேள்வி முடிந்துபோகவில்லை. செய்ததை என் செய்கை என்று நான் ஒப்புக்கொள்ள முடியுமா என்பதுதான் என் கேள்வி.

"அப்படியானால் தூண்டில்காரன்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். புழுவைக் காட்டி மீனை ஏமாற்றுகிறவன்தானே அவனும்? கடற்கரை ஊரில் இருந்துகொண்டு, தினம் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டு, இரை வைப்பது பாவம் என்று பேசலாமா? இந்த இடத்தில் நான் கொஞ்சம் திண்டாடத்தான் செய்தேன். தூண்டிலும் ஏமாற்றுத்தான், இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் தூண்டில்காரன் கயிற்றின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறான். மீன் துடிப்பது அவன் கைக்குத் தெரிகிறது. பிடித்தது எது என்று பார்க்கிறான். இதை நான்தான் பிடித்தேன் என்கிறான். விஷம் வைக்கிறவன் கயிற்றை விட்டுவிட்டுத் தூங்கப் போகிறான். விடிந்ததும், யாரோ செய்தது போல் வந்து பார்க்கிறான். அதற்கு மேல் அந்தத் தர்க்கத்தை என்னால் இழுக்க முடியவில்லை. நான் தத்துவம் படித்தவனல்ல. ஆனால் அந்தக் காலையில் கிணற்றடிக்கு யாரோ செய்தது போல் வந்து நின்றவன் நான் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் அதைச் சுமந்தேன். வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஆயா வழக்கம் போல் கருவாடு கொண்டு வந்து கொடுப்பாள். நான் வழக்கத்துக்கு அதிகமாகக் காசு கொடுப்பேன். அவள் மிச்சத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். 2023-இல் ஒரு நாள், ஏதோ ஒரு பத்திரிகைக்காக அந்தச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேட்டை என்ற சொல்லுக்கு அதில் விளக்கம் கொடுத்திருந்தது. விஷம் வைப்பதும், இரை வைத்து இழுப்பதும் வேட்டைதான் என்று கண்டிருந்தது. திருத்தத்துக்கு முன்பிருந்தே அப்படித்தானாம். எழுந்து நேரே எதிர்க் குடிசைக்குப் போனேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஆயா, மணியை நரி கடிக்கலை. நான் மருந்து வச்சேன்" என்றேன்.

ஆயா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "தெரியும் தம்பி. வாயெல்லாம் நுரை. உடம்புல ஒரு பல்லு படலை. நரி கடிச்சா நுரையா வரும்?" என்றாள்.

"பின்னே ஏன் ஆயா நரின்னு சொன்னே?"

"நீங்க இல்லேன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை, மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. அன்று காலையில் அவள் எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். நான்தான் அதைச் சாத்தினேன். சாத்தியவன் அதற்கு நரியைத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டேன்.

இப்போது என் தோட்டத்துக்கு நல்ல வேலி இருக்கிறது. பிரமாத வித்தை ஒன்றுமில்லை. கம்பி வலையை ஆள் மட்டத்துக்கு நிறுத்தி, அடியில் ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கி, அந்த முனையை வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்திருக்கிறேன். பறிக்கிற நரி வேலியின் காலடியில்தான் பறிக்கும். பறிக்கப் பறிக்கக் கம்பிதான் தட்டும். கொஞ்ச நேரத்தில் அலுத்துப் போய்விடும். கோழிகளைச் சாயங்காலமே எண்ணிக் கூண்டில் அடைத்துவிடுகிறோம். உதிர்ந்த பழங்களைப் பொழுது சாய்வதற்குள் பொறுக்கிவிடுகிறோம். மீன் கழிவை வெளியே எறிவதில்லை. எல்லாவற்றுக்குமாக நான் செலவழித்தது ஒரு நாவலுக்கு வந்த பணத்தில் பாதி. பொட்டலத்தில் வந்த மருந்துக்குச் செலவே இல்லை. யோக்கியமாக இல்லை என்று சொல்வதற்குக் கொஞ்சம் செலவாகிறது. அந்தச் செலவை எல்லோராலும் தாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தாங்க முடிந்த நான் தாங்காமல் இருந்தேனே என்பதைத்தான் சொல்கிறேன்.

நரி இன்னும் வருகிறது. சில நாள் விடியற்காலையில் வலைக்கு அந்தப் பக்கம் நின்று, கூண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காட்டுப் பக்கம் போய்விடும். நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று ஒரு பழமொழி சொல்வார்கள். எனக்கும் அதற்கும் இப்போது அந்த அளவுக்குச் சமாதானம்.

ஆயா போன வருஷம் ஒரு நாய்க்குட்டி வாங்கி வளர்க்கிறாள். துறுதுறுப்பான குட்டி, தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய் வருகிறது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்தால் மட்டும், ஆயா எழுந்து வந்து அதைப் பிடித்துக் கட்டிப் போடுகிறாள். கட்டிவிட்டு, "என்ன தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று அன்பாகத்தான் விசாரிக்கிறாள்.